வாசகர் கேள்வி பதில்: திருமதி யாருக்கு, செல்வி யாருக்கு?

கல்யாண சீசன் ஆரம்பிச்சாலே பத்திரிகை, கவர், மேடை பேனர்னு பேருக்கு முன்னாடி என்ன போடறதுங்கிற கேள்வி நிறைய வந்துடும். இந்த தடவை வந்த கடிதங்கள்ல பலதும் அதைப் பத்தித்தான், அதனால இந்த இதழ் பகுதி முழுக்க அதுக்கே ஒதுக்கிட்டேன். பேர், ஊர் போட வேண்டாம்னு நிறைய பேர் கேட்டுக்கிட்டதால யாரோடதையும் போடல.

கேள்வி: அப்பா தவறிட்டார். இப்போ அக்காவுக்குக் கல்யாணம். பத்திரிகை ப்ரூஃப்ல அம்மா பேருக்கு முன்னாடி திருமதின்னு இருந்ததைப் பார்த்துட்டு பெரியப்பா, "வீட்டுக்காரர் இல்லாதவங்களுக்குத் திருமதி போடக்கூடாதும்மா, அழைக்கிறவங்க பேர்லயும் என் பேரைப் போட்டுக்கலாம்"னு சொல்றார். அம்மா ஒண்ணுமே பேசாம உள்ள போயிட்டாங்க. எது சரி?

போடலாம், தாராளமா போடலாம். திருமதிக்கும் கணவர் உயிரோட இருக்காரா இல்லையாங்கிறதுக்கும் சம்பந்தமே கிடையாது.

பெரியப்பா வேணும்னு சொல்லியிருக்க மாட்டார், இந்தக் குழப்பம் ரொம்பப் பேருக்கு இருக்கு. அது எங்கேருந்து வந்துச்சுன்னா சௌபாக்கியவதி, சுமங்கலிங்கிற வார்த்தைகள்லேருந்து. அந்த ரெண்டும்தான் கணவரோட வாழற பெண்ணைக் குறிக்கிறது. பழைய பத்திரிகைகள்ல "சௌ."னு சுருக்கிப் போட்டிருப்பாங்களே, அது சௌபாக்கியவதி. கணவர் இறந்துட்டா அந்த "சௌ."வை எடுத்துடுவாங்க, அந்தப் பழக்கத்தை அப்படியே திருமதிக்கும் தூக்கிட்டு வந்துட்டாங்க. ஆனா திருமதி வேற வழியில வந்தது. ஸ்ரீமான்னு ஆம்பளைக்குச் சொன்ன மாதிரி பொம்பளைக்கு ஸ்ரீமதி, அதாவது ஸ்ரீ உடையவங்க, சிறப்பும் செல்வமும் உள்ளவங்கன்னு அர்த்தம். அந்த ஸ்ரீயைத் தமிழ்ல திருன்னு மாத்தினா திருமதி. இதுல வர்ற மதிக்கு நிலாவும் அர்த்தம் இல்ல, அறிவும் அர்த்தம் இல்ல, "உடையவள்"னு காட்டற விகுதி அவ்வளவுதான். இதுல கணவர் எங்க வர்றார்?

நம்ம ஊர் அரசாங்கக் காகிதங்கள்ல முன்னாடி ஸ்ரீ, ஸ்ரீமதி, குமாரின்னுதான் இருந்துச்சு. 1967ல அண்ணா முதலமைச்சரா வந்தப்புறம்தான் அது திரு, திருமதி, செல்வின்னு ஆச்சு. அன்னிலேருந்து இன்னிக்கு வரைக்கும் ஓய்வூதிய ஆணை ஆகட்டும், கோர்ட் நோட்டீஸ் ஆகட்டும், கணவர் இல்லாத பெண்களுக்கும் திருமதின்னுதான் வருது. குடும்ப பென்ஷன் வாங்கறவங்க வீட்டுல அந்தக் காகிதம் இருந்தா எடுத்துப் பெரியப்பாகிட்ட காட்டுங்க.

மகாராஷ்டிராவுல இது இன்னும் வெளிப்படையா இருக்கு. அங்க மராத்திப் பத்திரிகைகள்ல கணவர் இருக்கிற பெண்ணுக்கு "சௌ.", இல்லாத பெண்ணுக்கு "கங்கா பாகீரதி"ங்கிறதோட சுருக்கம்னு தனித்தனியா போடற வழக்கம் இருந்துச்சு. 2023 ஏப்ரல்ல அந்த மாநில அமைச்சர் ஒருத்தர், கணவரை இழந்தவங்களை அரசாங்கமே இனிமே கங்கா பாகீரதின்னு குறிப்பிடலாமேன்னு யோசனை சொன்னப்போ பெரிய எதிர்ப்பு வந்துச்சு. புண்ணிய நதியோட பேருதானே, இதுல என்ன தப்புன்னு சிலர் கேட்டாங்க. பேரு எவ்வளவு புனிதமா இருந்தாலும் ஒரு பெண்ணைப் பார்த்ததும் "இவங்களுக்குக் கணவர் இல்ல"ன்னு ஊருக்கே அறிவிக்கிறதுதானே அதோட வேலை, அந்தக் கோவம் நியாயமானது. இத்தனைக்கும் அதுக்கு முந்தின வருஷம்தான், 2022 மே மாசம், அதே மாநிலத்துல கோலாப்பூர் மாவட்டத்து ஹெர்வாட் கிராம பஞ்சாயத்து, கணவர் இறந்தா வளையல் உடைக்கிறது, குங்குமம் அழிக்கிறது எல்லாத்தையும் நிறுத்தணும்னு தீர்மானம் போட்டிருந்தாங்க.

இப்போ உங்க ப்ரூஃபுக்கு வர்றேன், இங்க கவனமா பார்க்க வேண்டியது ஒண்ணு இருக்கு. நிறைய பத்திரிகைகள்ல "காலஞ்சென்ற திரு. முருகன் - திருமதி லட்சுமி தம்பதியரின் மகள்"னு ஒரே வரியில அடிச்சுடறாங்க. படிக்கிறவங்களுக்கு அந்த காலஞ்சென்ற ரெண்டு பேருக்கும் சேர்த்து இருக்கிற மாதிரி இருக்கும், தூரத்து சொந்தக்காரங்க பதறிப்போய் போன் பண்ணுவாங்க. அதனால அம்மா பேரை முதல்ல போடுங்க: "திருமதி லட்சுமி, அமரர் முருகன் ஆகியோரின் மகள்". குழப்பமே இருக்காது. கோடு போட்டு இணைக்காதீங்க, கமா போதும்.

அதுக்குக் கீழ "தங்கள் வரவை விரும்பும்"னு வர்ற இடத்துல உங்க அம்மா பேர் இருக்கணும். மாப்பிள்ளை பார்த்தது, மண்டபத்துக்கு அட்வான்ஸ் கட்டினது, நகைக்கு அலைஞ்சது எல்லாம் அவங்க, ஆனா அழைக்கிறது மட்டும் வேற ஒருத்தரா? பெரியப்பாவுக்கும் மரியாதை வேணும், அது சரிதான், அம்மா பேருக்கு அடுத்த வரியில அவர் பேரையும் பெரியம்மா பேரையும் சேர்த்துப் போடுங்க, சந்தோஷப்படுவார். ப்ரூஃபை ஃபைனல் பண்றதுக்கு முன்னாடி ஒரு பிரிண்ட் எடுத்து அம்மா கையில குடுத்து "சரியாம்மா"ன்னு கேளுங்க. உள்ள போனவங்க பேசாம போனது சம்மதம்னு எடுத்துக்காதீங்க தோழி.

கேள்வி: திருவளர்செல்வி, திருநிறைசெல்வி, ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?

வீட்டுல இன்னும் கல்யாணத்துக்கு ஆள் இருந்தா திருவளர், இதுதான் கடைசிக் கல்யாணம்னா திருநிறைன்னு வழக்கமா சொல்லுவாங்க. பையனுக்கும் இதேதான், திருவளர்செல்வன், திருநிறைசெல்வன். முந்தி இதைப் பார்த்தே "இந்த வீட்டுல அடுத்து ஒரு பொண்ணு இருக்கு போல"ன்னு வரன் விசாரிச்சிருக்காங்க. இப்போ பிரிண்டிங் பிரஸ்ல ரெடியா வெச்சிருக்கிற மாடல்ல எது இருக்கோ அதைத்தான் அடிக்கிறாங்க, அதனால இதை வெச்சு யாரும் வரன் தேட வேண்டாம்.

தெலுங்குப் பத்திரிகைகள்ல "சி.ல.சௌ."னு பார்த்திருப்பீங்க, சிரஞ்சீவி லட்சுமி சௌபாக்கியவதி. மராத்தில "சி.சௌ.கா."ன்னு போடுவாங்க, அதுல கடைசில வர்றது சௌபாக்கிய காங்க்ஷிணி, அந்த பாக்கியத்தை விரும்பறவள்னு அர்த்தம். இன்னும் தாலி ஏறலையே, அதனால விரும்பறவள்னு ரொம்ப கவனமா வெச்சிருக்காங்க.

கேள்வி: மருமக கல்யாணத்துக்கு அப்புறமும் அவ அப்பா இனிஷியலையே வெச்சிருக்கா. கொலு அழைப்புல நான் "திருமதி"ன்னு போட்டு என் பையன் பேரைச் சேர்த்து எழுதினேன், அவளுக்கு முகம் வாடிப்போச்சு. திருமதின்னா கணவர் பேர்தானே வரணும்?

அப்படி ஒரு விதியும் இல்லம்மா. கல்யாணம் ஆனா பேரையோ இனிஷியலையோ மாத்தணும்னு நம்ம நாட்டுல எந்தச் சட்டமும் சொல்லல, மாத்தறவங்க மாத்திக்கலாம், வேண்டாம்னா விட்டுடலாம். பாஸ்போர்ட்டுக்குக்கூட 2016 டிசம்பர்ல விதிகளைத் தளர்த்தினப்போ கல்யாணச் சர்டிபிகேட் குடுக்க வேண்டியதில்லைன்னு ஆயிடுச்சு. ஆதார்லயும் பாஸ்போர்ட்லயும் பேருக்கு முன்னாடி திருமதியோ மிஸஸோ அச்சடிக்கிறதும் இல்ல.

மருமக பக்கத்து கஷ்டத்தையும் யோசிச்சுப் பாருங்க. பத்தாவது மார்க் ஷீட், டிகிரி, முதல் வேலையில ஆரம்பிச்ச பி.எஃப். எல்லாத்துலயும் அப்பா இனிஷியல் இருக்கும். பேங்க்ல மட்டும் கணவர் பேரைப் போட்டுட்டா பின்னாடி பி.எஃப். பணம் எடுக்கப் போறப்போ ரெண்டு பேரும் ஒரே ஆள்தான்னு நிரூபிக்க அலையணும். முறையா மாத்தணும்னா எழுதுபொருள் அச்சுத் துறையில விண்ணப்பிச்சு தமிழ்நாடு அரசிதழ்ல வெளியிட்டு, அந்த அரசிதழை வெச்சுக்கிட்டு பான், பேங்க், ஆதார்னு ஒவ்வொண்ணா மாத்தணும். ஆம்பளைங்க யாரும் இந்த வேலையைப் பார்க்க வேண்டியதே இல்ல, அதனால அதுல எவ்வளவு அலைச்சல்னு வீட்டுல பலருக்குத் தெரியறதில்ல. கனடாவுல க்யூபெக் மாகாணத்துல 1981லேருந்து சட்டமே தலைகீழா இருக்கு, கல்யாணம் ஆனாலும் பொண்ணுங்க பிறந்த பேர்லதான் எல்லா உரிமையையும் பயன்படுத்தணும்.

இது புது நாகரிகம்னும் நினைக்காதீங்க. எம்.எஸ். சுப்புலட்சுமி அம்மாவை எடுத்துக்குங்க. எம். மதுரை, எஸ். அவங்க அம்மா சண்முகவடிவு. 1940ல சதாசிவத்தைக் கல்யாணம் பண்ணினாங்க, கடைசி வரைக்கும் எம்.எஸ்.தான். எம்.எல். வசந்தகுமாரியோட எல். அவங்க அம்மா லலிதாங்கி. இவங்களுக்கு எத்தனை மேடையில ஸ்ரீமதி, திருமதின்னு போட்டிருப்பாங்க, யாராவது "கணவர் பேர் எங்க"ன்னு கேட்டாங்களா? திருமதிக்குப் பின்னாடி அவங்க சொந்தப் பேரும் சொந்த இனிஷியலும் வந்தா அந்த மரியாதையில ஒண்ணும் குறையாது.

கணவர் பேரை ஒட்டிக்கிட்டா அது எவ்வளவு தூரம் கூடவே வரும்னு பார்க்கணும்னா அன்னி பெசன்ட் அம்மையாரைப் பாருங்க. பிறந்த பேர் அன்னி உட். 1867ல ஃபிராங்க் பெசன்ட்ங்கிற பாதிரியாரைக் கல்யாணம் பண்ணி, ஒத்துப்போகாம 1873ல சட்டப்படி பிரிஞ்சுட்டாங்க. அதுக்கப்புறம் அறுபது வருஷம் அவங்க தனி ஆளா எவ்வளவு செஞ்சாங்க, பிரம்மஞான சபை தலைமை, ஹோம் ரூல் இயக்கம், 1917ல காங்கிரஸுக்கு முதல் பெண் தலைவர். அத்தனைக்கும் எல்லாருக்கும் அவங்க மிஸஸ் பெசன்ட்தான். இன்னிக்கு சென்னையில கடற்கரையோரம் ஒரு பகுதியே பெசன்ட் நகர்னு இருக்கு, அந்தப் பேர் அவங்க விட்டுப் பிரிஞ்ச கணவரோடது, தினமும் எத்தனை ஆயிரம் பேர் பஸ்ல டிக்கெட் கேட்கறப்போ சொல்றாங்க.

உங்க மருமககிட்ட உட்கார்ந்து "உனக்கு எப்படி எழுதினாப் பிடிக்கும்மா"ன்னு கேட்டுடுங்க. பையன் பேர்ல எழுதறது ஆசையா இருந்தா கவர்ல ரெண்டு பேர் பேரையும் முழுசா எழுதலாம், திரு இவர், திருமதி இவங்கன்னு. "திரு & திருமதி" போட்டு ஆம்பளை பேரை மட்டும் எழுதறதுதான் எனக்கு எப்பவுமே ஒப்பாத விஷயம், ரெண்டு பேரை அழைச்சுட்டு ஒருத்தர் பேரை மறைக்கிறது எதுக்கு?

கேள்வி: விவாகரத்து ஆன பெண்ணுக்கு என்ன போடறது? ஃபார்ம்ல எதை டிக் பண்றதுன்னே தெரியாம பேனாவை வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கேன்.

மூணு வழி இருக்கு, மூணும் சரிதான். திருமதியே தொடரலாம், ஏற்கனவே சொன்ன மாதிரி அது கணவர் குடுத்த பட்டம் இல்ல, அவர் போனா அதுவும் போறதுக்கு. குழந்தை இருக்கிறவங்க, ஆபீஸ்ல பல வருஷமா அப்படியே பழகிட்டவங்க பெரும்பாலும் இதைத்தான் விரும்பறாங்க. திருமதி வேண்டாம்னு தோணினா தமிழ்ல வெறும் பேருக்கு அப்புறம் "அவர்கள்". இங்கிலீஷ் ஃபார்ம்னா எம்எஸ் (Ms), கல்யாணம் ஆச்சா இல்லையான்னு காட்டாத அடைமொழி அது. செல்வின்னு போட்டுக்க ஆசைப்பட்டாலும் யாரும் தடுக்க முடியாது, ஆனா நம்ம ஊர்ல அதுக்குக் கல்யாணமே ஆகாதவங்கன்னு அர்த்தம் எடுத்துக்குவாங்க, அப்புறம் ஒவ்வொருத்தருக்கா விளக்கம் சொல்லணும், அதுக்கு மனசு தயாரா இருந்தா போடுங்க.

ஒண்ணு மட்டும் பிரிச்சுப் பாருங்க. ஃபார்ம்ல டைட்டில்னு ஒரு கட்டம் இருக்கும், மேரிட்டல் ஸ்டேட்டஸ்னு இன்னொரு கட்டம் இருக்கும். முதல்ல இருக்கிறது உங்களை எப்படிக் கூப்பிடணும்னு, அதுல உங்க இஷ்டம். ரெண்டாவதுதான் சட்டப்படியான தகவல், அதுல உண்மை நிலையைத்தான் எழுதணும், லோன், இன்சூரன்ஸ், நாமினி எல்லாம் அதை வெச்சுத்தான் போகும். முதல் கட்டத்துல எம்எஸ் போட்டதால யாரும் நீங்க எதையோ மறைச்சதா சொல்ல முடியாது.

கேள்வி: மிஸஸ், மிஸ், எம்எஸ், இந்த மூணும் ஏன் வந்துச்சு? ஆம்பளைங்களுக்கு மிஸ்டர் ஒண்ணு போதுமா?

நல்லா கேட்டீங்க தம்பி. மிஸஸ், மிஸ், ரெண்டும் ஒரே வார்த்தையிலேருந்து பிறந்தது, மிஸ்ட்ரஸ். வீட்டுக்கோ தொழிலுக்கோ தலைவியா இருக்கிறவங்கன்னு அர்த்தம், மாஸ்டருக்குப் பெண்பால். பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்துல மிஸஸ்னா கல்யாணம் ஆனவங்கன்னு கட்டாயம் இல்ல, கடை நடத்தற பெண், நாலு பேரை வேலைக்கு வெச்சிருக்கிற பெண், இவங்களுக்கெல்லாம் அது ஒரு மரியாதை. பெரிய வீடுகள்ல சமையல் பொறுப்பு, வீட்டு நிர்வாகப் பொறுப்புல இருந்த பெண்களைக் கல்யாணம் ஆகலைன்னாலும் மிஸஸ்னுதான் கூப்பிட்டாங்க. அப்புறம்தான் கொஞ்சம் கொஞ்சமா கல்யாணம் ஆனா மிஸஸ், ஆகலைன்னா மிஸ்னு பிரிஞ்சது, அப்புறம் அதுக்கும் மேல போய் பொண்ணோட சொந்தப் பேரே இல்லாம மிஸஸ் போட்டு கணவரோட முழுப் பேரையும் எழுதற வழக்கம் வந்துச்சு.

எம்எஸ்ங்கிறதை முதல்ல யோசனையா சொன்னது 1901ல, அமெரிக்காவுல ஸ்பிரிங்ஃபீல்டுங்கிற ஊர்ப் பத்திரிகை ஒண்ணுல. ஒரு பெண்ணுக்குக் கல்யாணம் ஆச்சா இல்லையான்னு தெரியாம எழுதறப்போ சங்கடமா இருக்கே, ரெண்டுக்கும் பொதுவா ஒண்ணு இருந்தா என்னன்னு. அப்போ யாரும் கண்டுக்கல. 1961ல ஷீலா மைக்கேல்ஸ்ங்கிற பெண் அதைக் கையில எடுத்தாங்க. இன்னாரோட மகள்னோ இன்னாரோட மனைவின்னோ இல்லாம தன்னை அழைக்க ஒரு சொல் வேணும்ங்கிறது அவங்க தேடல். 1972ல அந்தப் பேர்லயே பெண்கள் பத்திரிகை ஒண்ணு தொடர்ந்து வர ஆரம்பிச்சது, அப்புறம்தான் பரவலா ஆச்சு.

ஆனா நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை ரொம்ப நாள் ஒத்துக்கல. 1984ல துணை ஜனாதிபதிக்குப் போட்டியிட்ட ஜெரால்டின் ஃபெராரோ விஷயத்துல அவங்க மாட்டிக்கிட்டாங்க. ஃபெராரோங்கிறது அந்த அம்மாவோட அப்பா வீட்டுப் பேர், கணவர் பேர் ஜக்காரோ. கல்யாணம் ஆனதால மிஸ் போட முடியாது, மிஸஸ் ஃபெராரோன்னா ஃபெராரோங்கிறவரோட மனைவின்னு ஆயிடும், அது அவங்க அம்மா. எம்எஸ் போட்டா எல்லாம் சரியா இருந்திருக்கும். அதுக்கும் ரெண்டு வருஷம் கழிச்சு 1986 ஜூன்லதான் அந்தப் பத்திரிகை எம்எஸ்ஸை ஏத்துக்கிச்சு.

ஐரோப்பாவுல வேற வழி. ஜெர்மனில 1972லயே அரசாங்கக் காகிதங்கள்ல கல்யாணம் ஆகாதவங்களுக்குப் போடற ஃப்ராய்லைனை எடுத்துட்டு, கல்யாணம் ஆனவங்களுக்குப் போடற ஃப்ராவையே எல்லாருக்கும் ஆக்கிட்டாங்க. பிரான்ஸ்ல 2012 பிப்ரவரில பிரதமர் அலுவலகம் சுற்றறிக்கை விட்டு, மிஸ் மாதிரி இருந்த மத்மொய்செல்லை அரசுப் படிவங்கள்லேருந்து எடுத்துட்டு, மிஸஸ் மாதிரி இருந்த மதாமையே எல்லாப் பெண்களுக்கும் வெச்சாங்க. ஆங்கிலத்துல மூணாவதா ஒண்ணு சேர்த்தாங்க, இவங்க ரெண்டை ஒண்ணாக்கிட்டாங்க. எனக்கு ஜெர்மன்காரங்க வழிதான் பிடிச்சிருக்கு, ஏன்னா எம்எஸ் போட்டா "ஏன் இவங்க மிஸஸ் போடல, என்னவோ இருக்கு"ன்னு யோசிக்கிறவங்க இன்னும் இருக்காங்க, ஒண்ணே ஒண்ணுதான்னு ஆயிட்டா அந்த யோசனைக்கே இடமில்ல.

கேள்வி: ஸ்கூல்ல டீச்சரை எல்லாப் பசங்களும் மிஸ்னு கூப்பிடறாங்க, அவங்களுக்குப் பேரப்புள்ளையே இருக்கு. தப்பில்லையா?

தப்பே இல்ல. டீச்சர்ங்கிறதுக்குப் பதிலா வர்ற அழைப்பு அது, கல்யாணத்தைப் பத்தின தகவல் இல்ல. அந்தக் குழந்தைகளுக்கு மிஸ்னா பாடம் சொல்லித் தர்றவங்க, அவ்வளவுதான். இதே மாதிரி இன்னொண்ணு சொல்றேன், பிரிட்டன்ல ஆபரேஷன் பண்ற சர்ஜன்களை டாக்டர்னு கூப்பிடறதில்ல, மிஸ்டர், மிஸ், மிஸஸ்னுதான் கூப்பிடுவாங்க, அங்க அதுதான் பெரிய மரியாதை. லண்டன் ஆஸ்பத்திரில வேலை பார்க்கிற பொண்ணைப் பார்க்கப் போன அம்மா, போர்டுல டாக்டர் இல்லாம மிஸ்னு இருக்கேன்னு வருத்தப்பட வேண்டாம்.

கேள்வி: நான் டாக்டர், என் கணவர் கடை வெச்சிருக்கார். எங்களுக்கு வர்ற அழைப்புல எல்லாம் "திரு & திருமதி"ன்னு அவர் பேர் மட்டும்தான். அவர் டாக்டரா இருந்திருந்தா "டாக்டர் & திருமதி"ன்னு கட்டாயம் எழுதியிருப்பாங்க. இதைச் சொன்னா கர்வம்ங்கிறாங்க.

கர்வம் இல்ல, படிச்சு வாங்கினது. எம்.பி.பி.எஸ். முடிக்க நீங்க முழிச்ச ராத்திரிகளைக் கல்யாணம் ஒண்ணும் அழிச்சுடாது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1912ல மருத்துவப் பட்டம் வாங்கினாங்க, 1914ல கல்யாணம். கல்யாணத்துக்கு அப்புறமும் டாக்டர்தான், சட்டசபைக்குப் போனப்போவும் டாக்டர்தான், இன்னிக்கும் யாராவது திருமதி முத்துலட்சுமி ரெட்டின்னு சொல்றாங்களா? படிப்பாலயோ பதவியாலயோ வந்த பட்டம் இருந்தா அதுதான் முன்னாடி வரணும், அது இருக்கிறப்போ திருமதி தேவையே இல்ல. "டாக்டர் கவிதா, திரு. செந்தில்"னு எழுதினா முடிஞ்சது. யார் பேர் முன்னாடிங்கிற சண்டையும் வேண்டாம், அழைக்கிறவங்களுக்கு யார் நெருக்கமோ அவங்க பேர் முதல்ல வரட்டும்.

பட்டம் கணவர்லேருந்து மனைவிக்குப் போகும், மனைவிலேருந்து கணவருக்குப் போகாதுங்கிற வழக்கம் உலகம் பூரா இருக்கு. மலேசியாவுல டத்தோ பட்டம் வாங்கினவரோட மனைவி டத்தின் ஆயிடுவாங்க, டான் ஸ்ரீயோட மனைவி புவான் ஸ்ரீ. ஆனா ஒரு பெண் தன்னோட சேவைக்காக டத்தோ பட்டம் வாங்கினா அவங்க கணவருக்கு ஒண்ணும் கிடையாது. பிரிட்டன்லயும் இதேதான், சர் பட்டம் வாங்கினவர் மனைவி லேடி, டேம் பட்டம் வாங்கின பெண்ணோட கணவர் வெறும் மிஸ்டர். மனைவியோட பெருமை கணவருக்கு ஒட்டவே ஒட்டாதுன்னு எப்பவோ யாரோ முடிவு பண்ணினது, இன்னும் மாத்தாம வெச்சிருக்காங்க. உங்க கணவர்கிட்ட சொல்லுங்க, அவர் கடைக்கு அழைப்பு குடுக்க வர்றவங்ககிட்ட அவரே "என் வீட்டுக்காரம்மா டாக்டர், அப்படியே எழுதுங்க"ன்னு சொல்லட்டும். நீங்க சொன்னாத்தானே கர்வம்ங்கிறாங்க, அவர் சொன்னா கேட்டுக்குவாங்க. அது நியாயம்னு நான் சொல்ல வரல, சீக்கிரம் வேலை நடக்கும்.

கேள்வி: என்னை நானே திருமதின்னு சொல்லி அறிமுகப்படுத்திக்கலாமா?

தமிழ்ல நமக்கு நாமே மரியாதை அடைமொழி போட்டுக்கற வழக்கம் இல்ல. கையெழுத்துல வேண்டாம், போன்ல "நான் திருமதி இன்னார் பேசறேன்"னும் வேண்டாம், பேர் சொன்னா போதும். ஃபார்ம்ல, மேடை அழைப்பிதழ்ல, மத்தவங்க உங்களைக் குறிப்பிடற இடத்துல வரலாம். திருமதியும் போட்டு அவர்களும் போடறது ரெட்டை மரியாதைன்னு சிலர் சொல்லுவாங்க, நம்ம ஊர்ல அது பழகிப்போச்சு, பெரியவங்களுக்கு எழுதறப்போ எனக்கும் ரெண்டும் போட்டாத்தான் மனசு ஆறும்.

கேள்வி: பக்கத்து வீட்டு முஸ்லிம் அக்காவுக்கு அழைப்பு எழுதணும். திருமதி போடலாமா?

தாராளமா போடலாம், தமிழ் பேசற எல்லாருக்கும் பொதுவான சொல்தான். அவங்க வழக்கத்துல ஜனாப்ங்கிறதுக்குப் பெண்பாலா ஜனாபான்னு ஒண்ணு இருக்கு, அதைப் போட்டா கூடுதலா சந்தோஷப்படுவாங்க. ஹஜ்ஜுக்குப் போயிட்டு வந்தவங்களா இருந்தா வீட்டுல எப்படிச் சொல்றாங்கன்னு கேட்டு ஹாஜியாணின்னு சேர்த்துக்குங்க, அது அவங்களே போய்ச் சம்பாதிச்ச சிறப்பு, விட்டுடாதீங்க.

கேள்வி: எனக்கு ஐம்பது தாண்டியாச்சு, கல்யாணம் பண்ணிக்கல. சங்க விழா அழைப்பிதழ்ல ஒருத்தர் செல்வின்னு போடறார், சின்னப் பொண்ணு மாதிரி இருக்கு. இன்னொருத்தர் மரியாதைக்குன்னு திருமதி போட்டுடறார், அது பொய்யா இருக்கு. என்ன சொல்றது?

செல்விக்கு வயசு வரம்பு கிடையாது சகோதரி. முதலமைச்சரா இருந்த ஜெயலலிதா அம்மாவுக்குக் கடைசி வரைக்கும் அரசாங்க அறிவிப்பு எல்லாத்துலயும் மாண்புமிகு முதலமைச்சர் செல்வி ஜெ. ஜெயலலிதான்னுதான் வந்துச்சு, 2016ல அவங்க காலமானப்போ வயசு 68. அந்தச் செல்வியைப் படிச்சுட்டு யாரும் சின்னப் பொண்ணுன்னு நினைக்கல. ஆனா அவங்களுக்கு முன்னாடி மாண்புமிகு இருந்துச்சு, பின்னாடி பதவி இருந்துச்சு, நமக்கு எல்லாருக்கும் அது இல்ல, அதனால உங்க சங்கடம் எனக்குப் புரியுது.

திருமதியை நீங்க பொய்னு நினைக்கிறது பத்தி ஒண்ணு சொல்லணும். அர்த்தத்தை மட்டும் வெச்சுப் பார்த்தா அது உங்களுக்கும் பொருந்தும், சிறப்புடையவங்கன்னுதானே. பழக்கத்துல கல்யாணம் ஆனவங்களுக்குன்னு ஆகிப்போனது உண்மை, ஆனா ஜெர்மனில ஃப்ராவ் எல்லாருக்கும் பொதுவானது மாதிரி திருமதியும் வளர்ந்த பெண்கள் எல்லாருக்கும் பொதுவா ஆகணும்ங்கிறது என் ஆசை. அது நடக்கிற வரைக்கும் உங்களுக்கு மனசு ஒப்பலைன்னா கட்டாயப்படுத்திக்க வேண்டாம்.

சங்கச் செயலாளர்கிட்ட வாயால சொன்னா அடுத்த விழாவுக்குள்ள மறந்துடுவார், பிரஸ்ல இருக்கிறவர் போன வருஷ அழைப்பிதழையே காப்பி எடுத்து அடிப்பார். அதனால வாட்ஸ்அப்ல உங்க பேரை எப்படிப் போடணுமோ அப்படியே தமிழ்ல டைப் பண்ணி அனுப்பிடுங்க, இனிஷியல், பேர், சங்கத்துல உங்க பொறுப்பு, அதுக்கப்புறம் அவர்கள். முன்னாடி எதுவும் வேண்டாம்னும் ஒரு வரி சேர்த்துடுங்க, அவங்க அதை அப்படியே ஒட்டிக்குவாங்க.